முதலில் இடது தடத்தைக் காலி செய்து கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான்கு வழிச் சாலையில் வலது தடத்தை அடைத்துக்கொண்டு போகும் லாரிகளுக்கு அபராதம் போட வேண்டும் என்று போன வாரம் உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் கேட்பது நியாயம்தான். நான் 19 வருஷம் லாரி ஓட்டினேன். 5 வருஷமாக வாடகைக் கார் ஓட்டுகிறேன். இரண்டு சீட்டிலும் உட்கார்ந்து பார்த்தவன் என்பதால் இதில் சொல்ல எனக்குச் சில விஷயங்கள் இருக்கின்றன.

நான்கு வழி என்று பேருக்குச் சொல்கிறோமே தவிர, போகிற பக்கத்துக்கு இரண்டே தடம்தான். இடதில் போக வேண்டும், வலதில் ஏறி முந்த வேண்டும், முந்தியதும் இடதுக்கே திரும்பிவிட வேண்டும். இது தெரியாத லாரி டிரைவர் கிடையாது. தெரிந்தும் ஏன் வலதைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்றால், ராத்திரி 2 மணிக்கு சேலம் - உளுந்தூர்பேட்டை சாலையின் இடது தடத்தில் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும்.

டயர் வெடித்த லாரி ஒன்று விளக்கே இல்லாமல் பாதித் தடத்தில் நிற்கும். பின்னால் வருகிறவருக்கு அடையாளம், ஒடித்துப் போட்ட ஒரு வேப்பங்கிளையும் நாலு கல்லும். வண்டியோடு வந்த சிவப்பு முக்கோணம் சீட்டுக்கு அடியில் பிரிக்காமல் கிடக்கும். டயரை மாற்றிக்கொண்டு அவர் போய்விடுவார், கற்கள் அங்கேயே இருக்கும். மறுநாள் பைக்கில் வருகிறவர் அதில் ஏறி விழுவார். கொஞ்ச தூரம் தள்ளி, டீக்கடைக்கு எதிரே வரிசையாக நாலு வண்டி. அதையும் தாண்டினால், 2 கிலோமீட்டர் போய்த் திரும்பி வர மனமில்லாமல் எதிர்த்திசையில் ஒருவர் மொபட்டில் வருவார். அறுவடைக் காலத்தில் மக்காச்சோளம் வேறு காயும். விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. களம் இல்லாதவர் எங்கே கொண்டுபோய்க் காயவைப்பார்? ஆனால் சோளத்தைச் சுற்றி வைக்கிற கல் இருட்டில் யார் கண்ணுக்கும் தெரியாது.

லோடோடு சேர்த்து 25 டன் இருக்கிற டாரஸ் லாரியை இதற்கெல்லாம் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. சட்டென்று ஒடித்தால் கவிழ்ந்துவிடும். அதனால் டிரைவர் 'ரைட் ட்ராக்'கைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகப் போகிறார். இருட்டில் பயத்தால் வந்த பழக்கம், பட்டப்பகலில் இடது பக்கம் வெறிச்சோடிக் கிடக்கும்போதும் விடுவதில்லை. நானும் பல வருஷம் அப்படித்தான் ஓட்டினேன். பகலில் அப்படி ஓட்டியது தப்பு என்று இப்போது காரில் பின்னால் மாட்டிக்கொள்ளும்போது உறைக்கிறது.

லாரியை லாரி முந்துவதும் அப்படித்தான். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற லாரியை 62 இல் போகிற லாரி முந்தப் பார்க்கும். வண்டிகளின் நீளம், முன்னே பின்னே விடுகிற இடைவெளி எல்லாம் சேர்த்து 60 மீட்டராவது கூடுதலாக ஓடினால்தான் முந்தி முடிக்க முடியும். 2 கிலோமீட்டர் வேக வித்தியாசத்தில் நிமிஷத்துக்கு 33 மீட்டர்தான் கிடைக்கும். ஆக, முந்தி முடிக்க ஏறக்குறைய 2 நிமிஷம். அதற்குள் இரண்டு லாரியும் சேர்ந்து 2 கிலோமீட்டருக்குச் சாலையை அடைத்துவிடுகின்றன. பக்கத்து வண்டிக்காரர் ஆக்சிலேட்டரில் இருந்து காலைக் கொஞ்சம் எடுத்தால் அரை நிமிஷத்தில் முடிகிற வேலை. எடுக்க மாட்டார், கௌரவம் தடுக்கும்.

இந்த இடத்தில்தான் கார்க்காரர்கள் பொறுமை இழந்து இடது பக்கமாக ஏறுகிறார்கள். அவர்களுக்குத்தான் நான் முக்கியமாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

லாரி டிரைவர் வலது பக்கம், உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். வலது பக்கம் ஜன்னல் வழியாகவே எட்டிப் பார்த்துவிடலாம். இடது பக்கம் என்ன நடக்கிறது என்பதைத் தூரத்தில் இருக்கும் ஒரு கண்ணாடிதான் சொல்ல வேண்டும். இடது முன் சக்கரத்தை ஒட்டி ஒரு கார் வந்துவிட்டால் கண்ணாடியிலும் தெரியாது, நேரில் பார்த்தாலும் தெரியாது. அந்தக் கண்ணாக இருந்தவர், இடது சீட்டில் உட்கார்ந்து வரும் உதவியாளான கிளீனர்.

2016 இல் ஆத்தூரில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தேன். சின்னசேலம் தாண்டி ஒரு டிராக்டரை முந்திவிட்டு, இடது இண்டிகேட்டர் போட்டு வண்டியை இடதுக்குக் கொண்டுவருகிறேன். கண்ணாடியில் ஒன்றும் இல்லை. திடீரென்று என் கிளீனர் பையன் "அண்ணே, கார்! கார்ண்ணே!" என்று கத்திக்கொண்டே கதவைப் படபடவென்று தட்டினான். ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டேன். டிராக்டருக்கும் எனக்கும் நடுவில் இடது பக்கமாகப் புகுந்திருந்த கார் மண்ணில் இறங்கி ஏறிப் போனது. அது எனக்கு முன்னால் வந்தபோதுதான் பார்த்தேன், பின் சீட்டில் ஒரு குழந்தை எழுந்து நின்றுகொண்டு கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு அந்தக் கிளீனர் பையன் தூங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் சில ராத்திரி நினைப்பு வரும். இப்போது பெரும்பாலான லாரிகளில் கிளீனரே கிடையாது. டிரைவர் தனியாகத்தான் போகிறார்.

இண்டிகேட்டர் விஷயத்திலும் ஒரு குழப்பம் இருக்கிறது. இரு வழிச் சாலைக் காலத்தில் நாங்கள் இடது இண்டிகேட்டர் போட்டால் 'எதிரே காலி, ஏறிப் போ' என்று அர்த்தம். வலது போட்டால் 'வண்டி வருது, ஏறாதே'. ஒரு லாரிக்காரர் போட்ட வெளிச்சத்தை நம்பி இன்னொருவர் உயிரையே ஒப்படைத்த காலம் அது. நான்கு வழியில் அதே இடது இண்டிகேட்டருக்கு 'நான் இடது பக்கம் வருகிறேன்' என்றுதான் அர்த்தம். பழைய ஆட்களும் புதிதாகக் கார் எடுத்தவர்களும் ஒரே விளக்கை வேறு வேறாகப் படிக்கிறோம். வாழப்பாடி, ஆத்தூர், கள்ளக்குறிச்சி பைபாஸ்கள் பல வருஷம் இரு வழியாகவே கிடந்தபோது இது ரொம்ப ஆபத்தாக இருந்தது. நான்கு வழியில் வந்த அதே வேகத்தில், அதே நினைப்பில் முந்தப்போய் எதிரே வந்த வண்டியில் மோதியவர்கள் எத்தனையோ பேர்.

2019 இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 184 ஆவது பிரிவு, விதியை மீறி முந்துவதையும் எதிர்த்திசையில் ஓட்டுவதையும் அபாயகரமான ஓட்டுதல் என்றே சொல்கிறது. முதல் தடவைக்கே 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், சிறையும் உண்டு. ஆனால் சாலையில் வேகத்துக்கும் சீட் பெல்ட்டுக்கும்தான் பிடிக்கிறார்கள். இடது பக்கமாக முந்தியதற்காக ஒருவரை நிறுத்தி நான் பார்த்ததே இல்லை. கார் லைசென்ஸ் தேர்வில் 'எச்' எழுத்து வடிவத்தில் ஓட்டிக் காட்டச் சொல்கிறார்கள், சரி. தடம் மாறும்போது எந்தக் கண்ணாடியைப் பார்க்க வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

நெடுஞ்சாலை அதிகாரிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். இடது தடத்தை முதலில் காலி செய்து கொடுங்கள். நிற்கிற வண்டிகளை அகற்ற ராத்திரியிலும் ரோந்து வர வேண்டும். லாரி நிறுத்த இடம் வேண்டும், சோளம் காயவைக்கக் களம் வேண்டும். அதற்கு அப்புறமும் வலதை அடைத்துக்கொண்டு போகிற லாரிக்கு அபராதம் போடுங்கள், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். வாசகர்களும் விளக்கில்லாமல் நிற்கிற வண்டியைப் பார்த்தால் 1033 என்ற நெடுஞ்சாலை உதவி எண்ணுக்கு ஒரு போன் போட்டுவிட்டுப் போகலாம்.

என் காரில் வருகிறவர்கள், "லெஃப்ட்ல கேப் இருக்கே, ஏறிடுங்கண்ணே" என்பார்கள். நான் ஏறுவதில்லை. ஒரு தடவை ஹாரன், ஒரு தடவை லைட், அப்புறம் டிரைவரின் வலது கண்ணாடியில் என் வண்டி தெரிகிற மாதிரி கொஞ்சம் தள்ளியே வருவேன். பெரும்பாலும் ஒரு நிமிஷத்துக்குள் இடது இண்டிகேட்டர் விழும், வண்டி ஒதுங்கும். தாண்டும்போது ஜன்னலில் இருந்து ஒரு கை வெளியே வந்து 'போ' என்று ஆட்டும்.

இப்படிக்கு,
முன்னாள் லாரி ஓட்டுநர்,
ராசிபுரம்.