பதாகையில் இல்லாத பிள்ளைகளுக்கும் கணக்கு வேண்டும்: பாடசாலை ஆண்டறிக்கை குறித்து ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் இடைநிலைப் பாடசாலை அதிபர்களுக்கும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தாருக்கும், பழைய மாணவர் சங்கத்தாருக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

ஆண்டு முடியும் காலத்தில் பாடசாலை வாசலில் ஒரு பதாகை ஏறும். ஒன்பது ஏ எடுத்த பிள்ளைகளின் படம், மாவட்ட நிலை, கீழே வாழ்த்துவோர் பெயர். அந்தப் பிள்ளைகள் பாடுபட்டுப் படித்தவர்கள். அவர்கள் படம் இன்னும் பெரிதாக இருந்தாலும் எங்களுக்குச் சந்தோசமே. பெறுபேற்றுப் பகுப்பாய்வு, பரிசுப் பட்டியல், ஆண்டறிக்கை ஆகிய வேலைகளைச் செய்துவரும் ஆசிரியர்களாகிய நாங்கள் உங்களிடம் கேட்பது ஒன்று: தரம் 6இல் சேர்விடாப்பில் பெயர் ஏறிய ஒவ்வொரு பிள்ளைக்கும் உங்கள் ஆண்டறிக்கையில் கணக்கு இருக்கவேண்டும்.

முதலில் வீதக் கணக்கு. தரம் 10 தொடங்கும்போது வகுப்பில் 42 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். க.பொ.த. (கல்விப் பொதுத் தராதரப் பத்திர) சாதாரண தரத்துக்குத் தோற்றியவர்கள் 36. தாய்மொழியும் கணிதமும் உட்பட 6 பாடங்களில் சித்தி, அதில் 3 திறமைச் சித்தி என்ற அளவில் உயர்தரத்துக்குத் தகுதி பெற்றவர்கள் 27. 27ஐ 36ஆல் வகுத்தால் 75 வீதம். அதே 27ஐ 42ஆல் வகுத்தால் 64.3 வீதம். இரண்டுமே சரியான கணக்கு. ஆனால் விழா மேடையில் 75 மட்டும் கேட்கும். அந்த ஆறு பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று கேட்க ஆளிருக்காது. இரண்டு வீதத்தையும் எழுதுங்கள். பக்கத்திலேயே ஆறு பேரையும் பிரித்துக் காட்டுங்கள்: விடுகைப் பத்திரம் எடுத்து வேறு பாடசாலைக்குப் போனவர் எத்தனை, இடைவிலகியவர் எத்தனை, விண்ணப்பித்தும் தோற்றாதவர் எத்தனை. பெயர் வேண்டாம், எண் போதும். இடைவிலகலின் காரணத்தை வகுப்பாசிரியர் அறிவார். வயல் வேலை, கடல் வேலை, தாய் வெளிநாட்டில் இருக்க வீட்டில் தம்பி தங்கையைப் பார்க்கும் பொறுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் செய்யவேண்டியது வேறு. அதைத் தனிக் கோப்பில் வையுங்கள்.

மீளத் தோற்றியோரை முதல்தடவை தோற்றியோருடன் கலக்கவேண்டாம். ஒரு பாடத்துக்கு மட்டும் மீளத் தோற்றிய பிள்ளைக்குப் பெறுபேற்றில் ஒரு பாடமே இருக்கும். கூட்டுத்தொகையில் அவரையும் சேர்த்தால் ‘6 பாடம் சித்தியடையாதவர்’ என்று விழுந்து வீதம் இறங்கும். பாட வாரியான கணக்கிலோ அதே பிள்ளை சித்தியாக ஏறி வீதத்தைக் கூட்டிவிடும். வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போகும் கணக்கும் விழாவில் வாசிக்கும் கணக்கும் ஒத்துவராமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

சிறிய பாடசாலைகளுக்கு இன்னொரு சொல். 12 பேர் தோற்றும் பாடசாலையில் ஒரு பிள்ளை என்பது 8.3 வீதம். ஒரு பிள்ளைக்குப் பரீட்சை நாளில் காய்ச்சல் வந்தாலே ‘பெறுபேறு வீழ்ச்சி’ என்று கூட்டத்தில் பேச்சாகிவிடும். அப்படியான இடங்களில் மூன்று ஆண்டுத் தொகையைச் சேர்த்து வீதம் பாருங்கள். நூறு வீதம் என்று பதாகை அடிக்கும்போதும் எத்தனை பேரில் என்று எழுதுங்கள். நான்கு பேரில் நான்கு பேர் சித்தியடைந்தது பெருமைதான். அந்த நான்கை மறைக்கத் தேவையில்லை.

வீதத்தைவிடப் பயன் தருவது பாடவாரிப் பிரிப்பு. மற்றப் பாடங்கள் சரியாக இருந்தும் கணிதம் மட்டும் தவறியதால் நின்றவர் எத்தனை பேர்? ஐந்து பேர் என்றால், அடுத்த ஆண்டு மாலை வகுப்பை எந்தப் பாடத்துக்கு வைப்பது, பழைய மாணவர் சங்கத்தின் பணத்தை எதில் போடுவது என்பது அந்த ஐந்திலேயே இருக்கிறது. அத்துடன் ஆசிரியர் இல்லாத மாதங்களையும் எழுதுங்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பாடசாலை ஒன்றில் தரம் 10க்குக் கணித ஆசிரியர் ஏழு மாதம் இல்லை என்றால், அந்த ஏழு அறிக்கையில் பெறுபேற்றுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பழி முழுவதும் பிள்ளையின் தலையில் விழும். வலயக் கல்விப் பணிப்பாளரிடம் வெற்றிடம் கேட்டுப் போகும்போது கையில் இருக்கவேண்டிய தாளும் அதுதான்.

உயர்தரப் பெறுபேற்றில் தவறு வேறு விதமாக வரும். மூன்று ஏ எடுத்த இருவருக்கும் ஒரே நிலை கிடைப்பதில்லை. ஒவ்வொரு பாடத்திலும் பிள்ளையின் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லோரின் சராசரியைக் கழித்து, புள்ளிகள் எவ்வளவு பரந்திருக்கின்றன என்று காட்டும் நியம விலகலால் வகுத்து, மூன்று பாடத்துக்கும் சராசரி எடுப்பது இசட் புள்ளி. நிலை அதன்படி, பிரிவுக்குள்ளே வருவது. ஆகவே ‘மாவட்டத்தில் 9ஆம் நிலை’ என்று மட்டும் எழுதினால் பாதிதான் சொன்னதாகும்; உயிரியலா, பௌதிக விஞ்ஞானமா, வணிகமா, கலையா, தொழினுட்பமா என்று எழுதுங்கள். பெறுபேற்றுத் தாளில் இருப்பது மாவட்ட நிலையும் தீவு நிலையும். வலய நிலை என்பது வலயத்துக்குள் தொகுத்துப் பார்த்து அறிவது. அம்பாறை மாவட்டத்துக்குள் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில், அம்பாறை, மகாஓயா, தெஹியத்தகண்டிய என்று ஏழு வலயங்கள் உண்டு. கல்முனை வலயத்தில் முதலிடம் என்பதை ‘மாவட்ட முதலிடம்’ என்று அடித்துவிட்டால் இன்னொரு பாடசாலையின் பிள்ளைக்கு உரியதை எடுத்ததாகிவிடும்.

‘மருத்துவ பீடத்துக்குத் தெரிவு’ என்ற வரியில் மிகவும் கவனம் வேண்டும். மூன்று பாடங்களில் குறைந்தது சாதாரண சித்தியும், உயர்தரத்தோடு எழுதும் பொதுச் சாதாரண பரீட்சையில் 30 புள்ளியும் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பதற்கான பொதுத் தகுதி மட்டுமே. தெரிவு என்பது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெட்டுப்புள்ளியை, அதாவது கற்கைநெறிக்குத் தெரிவாகத் தேவையான ஆகக் குறைந்த இசட் புள்ளியை, வெளியிட்ட பிறகுதான். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நமது இரு மாவட்டங்களும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளவை. போன ஆண்டு வெட்டுப்புள்ளியை வைத்து இந்த ஆண்டு பதாகை அடிக்க முடியாது. சற்றுக் குறைவால் தவறிய பிள்ளை, தன் படத்தோடு ‘வருங்கால வைத்தியர்’ என்று தொங்கும் பதாகைக்குக் கீழே மாதக்கணக்கில் நடந்து போகவேண்டியிருக்கும். வெட்டுப்புள்ளி வரும்வரை ‘தகுதி பெற்றோர்’ என்றே எழுதுங்கள். மீள்பரிசீலனை முடிவு வருமுன் பரிசுப் பட்டியலையும் அச்சுக்குக் கொடுக்கவேண்டாம்.

பரிசுக்கு வருவோம். மூன்றாம் தவணைக் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்து முதலாம் இரண்டாம் மூன்றாம் இடம் போடுவது பல இடங்களில் வழக்கம். பிள்ளைகள் தெரிந்தெடுக்கும் தொகுதிப் பாடங்களில் ஒரு பிள்ளை சித்திரமும் இன்னொரு பிள்ளை சங்கீதமும் எடுத்திருப்பார்கள். புள்ளி போடும் கை வேறு. ஒரு புள்ளி வித்தியாசத்தில் இரண்டாமிடம் என்பது அந்த வேறுபாட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். மூன்று தவணைச் சராசரியை எடுங்கள். சமநிலை வந்தால் இருவருக்கும் ஒரே இடம் கொடுங்கள்.

முன்னேற்றப் பரிசு என்று ஒன்று வையுங்கள். தரவரிசையில் மேலே வராத பிள்ளை மேடை ஏறும் வழி அது. கணக்கு எளிது. முதலாம் தவணையில் சராசரி 38, மூன்றாம் தவணையில் 56 என்றால் ஏற்றம் 18. ஆனால் மூன்றாம் தவணை வினாத்தாள் இலகுவாக இருந்து வகுப்பே 6 புள்ளி ஏறியிருந்தால், அந்த 6ஐக் கழித்து 12 என்று எழுதுங்கள். முதலாம் தவணையில் சமூகமளிக்காத பாடத்துக்குச் சுழியம் போட்டிருந்தால் ஏற்றம் பொய்யாகப் பெருகும். அந்தப் பாடத்தை இரு தவணையிலும் விட்டுவிட்டுக் கணக்கெடுங்கள். நூறு வீத வரவுக்கான பரிசை மாற்றி யோசியுங்கள். மாரியில் டெங்குக் காய்ச்சலோடும் பிள்ளையை அனுப்பும் வீடுகளை அந்தப் பரிசு உருவாக்குகிறது. மருத்துவ விடுப்பை வரவாகக் கொண்டால் பிரச்சினை தீரும்.

தமிழ்மொழித் தினப் போட்டி, மீலாத் போட்டி, மெய்வல்லுநர் போட்டி எதுவானாலும் கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்ற மட்டத்தை எழுதாமல் ‘முதலிடம்’ என்று விடவேண்டாம். குழு நிகழ்ச்சியில் ‘குழுவினர்’ என்று முடிக்கவும் வேண்டாம். வடமோடிக் கூத்தில் ராசா வேசம் கட்டிய பிள்ளையின் பெயர் எல்லோருக்கும் தெரியும். பிற்பாட்டுப் பாடியவர், தாளம் போட்டவர் பெயரும் அறிக்கையில் வரவேண்டும்.

அடுத்தது பெயர். கூடுதலான கண்ணீர் வருவது இங்கேதான். தர்ஷிகா, தர்சிகா, முகம்மது, முஹம்மது, முஹம்மட். வரவு இடாப்பில் ஒன்று, பரீட்சை விண்ணப்பத்தில் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று. பிறப்புச் சான்றிதழையும் தேசிய அடையாள அட்டையையும் ஒட்டியே எழுதுங்கள். அடுத்த சிக்கல் எழுத்துரு. பட்டியலைப் பாமினியில் தட்டி அச்சகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே அந்த எழுத்துரு இல்லாவிட்டால் பெயர்கள் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். அவசரத்தில் அச்சகத்தார் கண்ணால் பார்த்துத் திருப்பித் தட்டும்போது ணகரம் னகரமாகும், முதலெழுத்து விழும். யூனிகோட்டில் தட்டுங்கள்; அனுப்பும்போது பிடிஎஃப் பிரதியும் சேர்த்து அனுப்புங்கள். வரிசையில் சேர்விலக்கம், முழுப்பெயர், தரம், பரிசு, மட்டம், ஆண்டு என்று ஆறு நிரல் இருந்தால் போதும். ஒரே பெயரில் இருவர் இருக்கும் வகுப்பில் சேர்விலக்கம்தான் காப்பாற்றும்.

சான்றிதழை மை தெளிக்கும் அச்சுப்பொறியில் எடுத்தால் மாரிக் காலத்து ஈரக் கையிலேயே பெயர் கரைந்துவிடும், லேசரில் எடுங்கள். லெமினேட் செய்து கொடுக்கவேண்டாம். பிறகு அதன்மேல் உறுதிப்படுத்தும் கையொப்பமோ முத்திரையோ இட முடியாது.

விழா நேரம். 160 பரிசு, ஒன்றுக்கு 15 செக்கன் என்றால் 40 நிமிடம். ஒவ்வொருவரும் நின்று படம் எடுத்தால் 25 செக்கன் ஆகும், 67 நிமிடம். பொன்னாடையும் உரைகளும் முடிந்த பிறகு இதைத் தொடங்கினால், குருமண்வெளியில் பாதை (வாவியைக் கடக்கும் மிதவை) ஏறி மண்டூருக்குத் திரும்பவேண்டிய தாய், தன் பிள்ளை பரிசு வாங்குமுன் எழுந்து போயிருப்பாள். பரிசை முன்னே வையுங்கள், உரையைப் பின்னே வையுங்கள்.

பெறுபேற்றுத் தாளின் படத்தைச் சமூக வலைத்தளத்தில் போடுவதை நிறுத்துங்கள். சுட்டெண் தெரிந்த எவரும் அந்தப் பிள்ளையின் முழுப் பெறுபேற்றையும் பார்க்கலாம்.

அறிக்கையை மூன்று பிரதி எடுங்கள். ஒன்று பாடசாலையில், ஒன்று வலயத்தில், ஒன்று கரையிலிருந்து தள்ளி, மேட்டு நிலத்தில் இருக்கும் ஓர் இடத்தில். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது கரையோரப் பாடசாலைகளின் கட்டடங்களோடு இடாப்புகளும் போயின.

இந்த ஆண்டுப் பட்டியலை விழாவுக்குப் பத்து நாள் முன்பே அறிவித்தல் பலகையில் ஒட்டி, பிழை சொல்ல நான்கு நாள் கொடுங்கள். வந்து பார்க்க முடியாதவர்கள், இடைவிலகியவர்களின் வீட்டார் உட்பட, கேட்கக்கூடிய ஓர் ஆசிரியரின் பெயரையும் பலகையில் எழுதுங்கள்.

அன்புடன்,
மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட ஆசிரியர்கள் சிலர்