அக்காவுக்கு, அந்தச் சிரிப்பு பத்தி

அக்கா,

நாளையோட ஒரு வருஷம். எதுக்குன்னு ஒனக்குத் தெரியும். நம்ம சொந்தத்துல பாதிப் பேரு நான் எழுதுறத படிக்கிறாங்க, அதனால பேரு ஊரு எதுவும் போடாம சார்லட் பிரான்டி எழுதின ஜேன் எயர் நாவல் பத்தி மட்டும் பேசுறேன். அத எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீதான.

செகண்ட் இயர் பரீட்சைக்கு முந்தின ராத்திரி. நீ எனக்குத் தலை பின்னிக்கிட்டே சிவப்பு ரூம் கேள்விக்கு பதில் சொல்லிக்குடுத்த. பத்து வயசுப் பொண்ணு ஜேன, மாமா செத்துப்போன ரூம்ல போட்டுப் பூட்டுறாங்க, கண்ணாடில தன்னையே பாத்து பேய்னு நெனைக்கிறா, கத்திக் கத்தி மயங்கி விழுறா. "சிவப்புன்னா கோபம், ரூம்னா சிறை, இத எழுது போதும்"ன்ன. எனக்கு ஆனா மனசு 25ஆவது அத்தியாயத்துலயே நின்னுடுச்சு. கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி ராத்திரி ஒரு பொம்பள ஜேனோட ரூமுக்குள்ள வர்றா, கல்யாண முக்காட்ட எடுத்து தன் தலைல போட்டு கண்ணாடில பாக்குறா, அப்புறம் அத கழட்டி ரெண்டா கிழிச்சு கீழ போட்டு மிதிக்கிறா. போகும்போது மெழுகுவத்திய ஜேன் மொகத்துக்கிட்ட கொண்டு வந்து உத்துப் பாக்குறா, ஆனா தொடவே இல்ல. ஏன்க்கா முக்காட்ட மட்டும் கிழிச்சான்னு கேட்டேன்.

நீ பின்னுறத நிறுத்திட்ட. கொஞ்ச நேரம் ஒன் கை அப்படியே என் தலைமேல இருந்துச்சு. அப்ப ஒனக்கு நிச்சயம் ஆகி மூணு வாரம். "அதுலேர்ந்து கேள்வி வராதுடி, ஹெலன் படி"ன்னுட்ட.

அந்த ஹெலன். லோவுட் ஸ்கூல்ல டீச்சர் குச்சிக்கட்டால கழுத்துல அடிச்சாலும் அழாத பொண்ணு, அழுக்கு மூட்டைன்னு அட்டைல எழுதி நெத்தில கட்டினப்பகூட சாயங்காலம் வரைக்கும் பொறுமையா சொமந்தவ. ஒனக்கு அவ சாமி. என்னையும் ஹெலன் மாதிரி இரு, ஹெலன் மாதிரி இருன்னே வளத்த, அத என்னால இன்னும் மன்னிக்க முடியல. ஏன்னா அந்த அட்டையப் பிச்சு நெருப்புல போட்டது ஜேன். அந்த வரிய மட்டும் நீ எனக்கு நடத்தவே இல்ல.

ஹெலன் யாருன்னு பின்னாடிதான் தெரிஞ்சுக்கிட்டேன். சார்லட் பிரான்டியோட மூத்த அக்கா மரியா. படிக்கப் போன எடத்துல ஒடம்பு கெட்டு 1825ல செத்துப்போனா, அடுத்த மாசமே இன்னொரு அக்கா எலிசபெத்தும் போயிட்டா. சார்லட்டுக்கு அப்ப 9 வயசு. புக் வந்தது 1847ல. 22 வருஷம் கழிச்சு புக்லயாவது அக்கா நெத்தில இருந்த அட்டைய பிச்சு எறிஞ்சிருக்கா. 9 வயசுப் புள்ளயால நெஜத்துல என்ன பண்ணியிருக்க முடியும்? எனக்கு 24 வயசுக்கா அப்ப.

ராத்திரி 11 மணி இருக்கும் நீ போன் பண்ணப்ப. "சும்மாதான்டி"ன்ன, அப்புறம் சிரிச்ச. அது ஒன் சிரிப்பே இல்ல. மறுநாள் விசாரிச்சேன், ஒடம்பு சரியில்ல, மாத்திரை போட்டா இப்படித்தான்னு சொன்னாங்க. யாரு சொன்னாங்கன்னு இங்க வேணாம்.

தார்ன்ஃபீல்ட்ல, அதான் ஜேன் கட்டிக்கப்போற ரோச்சஸ்டரோட மாளிகைல, மூணாவது மாடிலேர்ந்து சிரிப்பு கேட்டப்ப வேலைக்காரி கிரேஸ் பூல்னாங்க. கட்டில் தீப்பிடிச்சப்பவும் கிரேஸ் பூல். கிழிஞ்ச முக்காட்டோட ஜேன் கேக்கும்போதும் ரோச்சஸ்டர் பாதி கனவு, பாதி கிரேஸ் பூல்னு சொல்றாரு. அத ஜேன் நம்பலக்கா. அவருக்காக நம்பின மாதிரி காட்டிக்கிறா, அவ்ளோதான். நானும் அதேதான் பண்ணேன். நம்பல. அந்த வேலைல சேந்து ஒரு மாசம்கூட ஆகல, லீவு கேக்க பயம், கெளம்பி வந்தா பிரச்சன பெருசாகிடும்னு அம்மா வேற அழுதாங்க, நீயாவது ஒரு வார்த்த வாயத் தொறந்திருக்கலாம், நான் சின்னப் பொண்ணுன்னு எத்தன வருஷம் சொல்லிக்கிட்டு இருப்ப? தப்பு என்னுதுதான். ஆனா முழுசா என்னுது மட்டும் இல்ல.

சிரிச்சதும் முக்காட்ட கிழிச்சதும் ரோச்சஸ்டரோட மொதப் பொண்டாட்டி பெர்த்தா. அவள அந்த மாடில பத்து வருஷம் பூட்டி வெச்சிருந்தாங்க. அவ கதைய அவ சொல்லி நாம கேக்கவே மாட்டோம், பைத்தியம்னு புருஷன் சொல்றதுதான் நமக்குத் தெரியும். பயத்துல மயங்கினது வாழ்க்கைலயே ரெண்டாவது தடவைன்னு ஜேனே எண்ணிச் சொல்றா, மொதல் தடவ சிவப்பு ரூம், ரெண்டாவது பெர்த்தா மொகம். ரெண்டு எடத்துலயும் கண்ணாடி இருக்கு, பூட்டு இருக்கு. சிவப்பு ரூம்லேர்ந்து வெளிய விடாமயே வெச்சிருந்தா அந்தப் புள்ளயும் பெர்த்தாவாத்தான் ஆகியிருக்கும்னு எனக்குத் தோணுது. இத பரீட்சைல எழுதியிருந்தா மார்க் போட்டிருப்பாங்களான்னு ஒன்னக் கேக்கணும்.

அம்மா வீட்டுப் பரண்லேர்ந்து அந்தப் பழைய புக்க எடுத்துட்டேன். அட்ட போயிடுச்சு, உள்ள நல்லாத்தான் இருக்கு. முக்காடு கிழியுற வரிக்குக் கீழ பென்சில் கோடு போட்டு, ரப்பர் வெச்சு அழிச்ச தடம் இருக்கு. நான் போட்ட கோடு இல்ல அது. ஞாயித்துக்கெழம எடுத்துட்டு வரேன்.