டி.வி.டி. கேட்டால் டி.வி.டி.யாகவே தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்யாண வீடியோ, அரங்கேற்றம், கைப்பேசியில் எடுத்த சீமந்தம் என எதையாவது பென் டிரைவில் கொண்டுவந்து 'டி.வி.டி. போட்டுத் தாருங்கள்' என்று கேட்பவர்களுக்கு, சென்னையில் சில கடைகள் அந்தக் கோப்பை மாற்றாமல் அப்படியே வட்டில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, மாற்றிக் கொடுத்ததற்கான கூலியை வாங்கிக்கொள்கின்றன. வடபழனியில் வீடியோ எடிட்டிங் தொழில் செய்பவன் என்ற முறையில், இந்தப் பழக்கம் நிற்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அண்மையில் மேற்கு மாம்பலத்திலிருந்து வயதான அம்மா ஒருவர், பேத்தியின் கல்யாண டி.வி.டி.யை எடுத்துக்கொண்டு வந்தார். வட்டின் மேல் மணமக்களின் படம் வண்ணத்தில் அச்சிடப்பட்டிருந்தது; உறையும் நேர்த்தியாகவே இருந்தது. வீட்டு பிளேயரில் போட்டால் சிறிது நேரம் சுற்றிவிட்டு 'நோ டிஸ்க்' என்று காட்டுகிறது என்றார். "பிளேயர் பழசாயிடுச்சு போல தம்பி, வேற வாங்கிடலாமா?" என்றும் கேட்டார். கணினியில் திறந்தபோது உள்ளே கைப்பேசியிலும் கணினியிலும் ஓடும் எம்.பி.4 வகைக் கோப்பு ஒன்று மட்டுமே இருந்தது. பிளேயரில் கோளாறே இல்லை. கடைக்காரர் செய்யாமல் விட்ட வேலைக்காக, நன்றாக ஓடும் ஒரு கருவியைத் தூக்கிப்போட அந்த அம்மா துணிந்திருந்தார் என்பதுதான் என்னை இக்கடிதம் எழுத வைத்தது.

டி.வி.டி. பிளேயர்கள் 1996-இல் முதன்முதலாக ஜப்பானில் விற்பனைக்கு வந்தன. அவற்றுக்கு வகுக்கப்பட்ட விதிப்படி, படம் எம்பெக்-2 முறையில் சுருக்கப்பட்டிருக்க வேண்டும். நம் நாட்டில் வழங்கும் பி.ஏ.எல். என்ற தொலைக்காட்சி முறையில் அதன் அளவு 720-க்கு 576 புள்ளிகளாகவும், வேகம் விநாடிக்கு 25 சட்டங்களாகவும் (ஃபிரேம்) இருக்க வேண்டும். ஒலி 48 கிலோஹெர்ட்ஸில் பதிவாகியிருக்க வேண்டும். இவையெல்லாம் 'வீடியோ டி.எஸ்.' என்ற அடைவுக்குள் வி.ஓ.பி. (படமும் ஒலியும்), ஐ.எஃப்.ஓ. (எதை எப்படி ஓட்டுவது என்ற குறிப்பு) கோப்புகளாக அமைந்திருக்க வேண்டும். இன்றைய கைப்பேசிகளும் கேமராக்களும் பயன்படுத்தும் எச்.264 என்ற சுருக்கமுறை வெளிவந்தது 2003-இல், எச்.265 வந்தது 2013-இல். தனக்குப் பின்னால் பிறந்த முறையைப் பழைய பிளேயர் அறிந்திருக்க வழியில்லை. யு.எஸ்.பி. வசதியுள்ள பழைய பிளேயர்களில் பலவும் டிவ்எக்ஸ் என்ற பழைய வகை வீடியோ கோப்புகளோடு நின்றுவிடுகின்றன.

மாற்றித் தருவதாகச் சொல்பவர்களிலும் சிலர், கால அளவைப் பார்ப்பதில்லை. ஒரு சாதாரண வட்டின் கொள்ளளவு 4.7 ஜி.பி. அதில் இரண்டு மணி நேரப் படத்தை ஏற்றினால், ஒலியையும் சேர்த்து ஒவ்வொரு விநாடிக்கும் ஏறத்தாழ 5 மெகாபிட் தரவுக்கு இடம் கிடைக்கும். படம் தெளிவாகவே இருக்கும். ஜானவாசம், முகூர்த்தம், வரவேற்பு எல்லாவற்றையும் ஐந்து மணி நேரமாக அதே வட்டில் திணித்தால் கிடைப்பது 2 மெகாபிட்தான். மணமக்கள் அசையாமல் நிற்கும் காட்சிகளில் குறை தெரியாது. கெட்டிமேளம் முழங்க, நாலா பக்கமிருந்தும் அட்சதை பறக்கும் அந்தச் சில விநாடிகளில், சிறு சிறு பொருள்கள் ஒரே நேரத்தில் அசைவதால் அந்த அளவு போதாமல், திரை முழுவதும் கட்டம் கட்டமாக உடைந்துபோகும். குடும்பத்தார் திரும்பத் திரும்பப் பார்க்க விரும்பும் இடம் அதுதான். இதைத் தவிர்க்க இரண்டு மூன்று வட்டுகளாகப் பிரித்துக் கொடுப்பதே முறை. கூடுதல் வட்டின் விலை ஒரு பொருட்டே அல்ல.

கைப்பேசி வீடியோவில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெரும்பாலான கைப்பேசிகள் விநாடிக்கு 30 சட்டங்கள் என்ற கணக்கில் பதிவு செய்தாலும், வெளிச்சத்துக்கு ஏற்ப அந்த வேகம் ஏறி இறங்கும். அதைச் சீராக்காமல் மாற்றினால் போகப்போக வாயசைவும் ஒலியும் விலகிவிடும். பாட்டுக் கச்சேரிப் பதிவுகளில் இதைச் சகித்துக்கொள்ளவே முடியாது. அகலத்திரைக் குறியீட்டைச் சரியாக வைக்காவிட்டால் முகங்கள் நீண்டுபோகும். முடிவில் வட்டை 'ஃபைனலைஸ்' செய்யாமல், அதாவது எழுதுவதை முறைப்படி முடித்து மூடாமல் எடுத்தால், எழுதிய கணினியில் ஓடும் வட்டு வேறு பிளேயரில் ஓடாமல் போகலாம்.

வீட்டிலேயே செய்துகொள்ள நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸ் 7 வரை கூடவே வந்த டி.வி.டி. மேக்கர், விண்டோஸ் 8 முதல் நீக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கும் டி.வி.டி. ஸ்டைலர் போன்ற மென்பொருளைப் பயன்படுத்தலாம். எந்த வழியில் செய்தாலும் மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள். முழு எச்.டி. படத்தில் உள்ள புள்ளிகளில் ஐந்தில் ஒரு பங்குதான் டி.வி.டி.யில் மிஞ்சும்; இழந்ததைப் பின்னர் வட்டிலிருந்து மீட்க முடியாது. நம் ஊர் வெக்கையிலும் ஈரப்பதத்திலும் எழுதப்பட்ட வட்டுகள் நெடுங்காலம் தாங்கும் என்று நம்பியிருப்பதும் கூடாது.

மாற்றவே கூடாத சந்தர்ப்பமும் உண்டு. நீதிமன்றத்தில் சான்றாகத் தாக்கல் செய்யும் கண்காணிப்பு கேமரா பதிவை, மூலக் கோப்பாக அப்படியே நகலெடுக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி தரும் சான்றிதழில் கோப்பின் ஹேஷ் மதிப்பை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாளக் குறியீடு) குறிப்பிட வேண்டும்; கோப்பை மாற்றினால் அந்த மதிப்பும் மாறிவிடும். எனவே எதற்காக வட்டு வேண்டும் என்று கடைக்காரர் முதலில் கேட்டறிவது அவசியம்.

எல்லாரிடமும் ஸ்மார்ட் டி.வி. இருக்கும்போது டி.வி.டி. எதற்கு என்று என் தொழில் நண்பர்களே கேட்கிறார்கள். எல்லாரிடமும் இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியே வாழும் எத்தனையோ பெரியவர்களுக்கு, ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஓடும் பிளேயர்தான் கைக்குப் பழகியது. அவர்கள் கொடுக்கும் பணமும் பணம்தான்.

ஆகவே, கல்யாண ஸ்டுடியோக்களும் ரிச்சி தெரு முதல் புறநகர் வரை உள்ள கடைகளும், கொடுப்பது பிளேயரில் ஓடும் டி.வி.டி.யா, கோப்பு மட்டும் உள்ள டேட்டா வட்டா என்பதை ரசீதிலேயே எழுதித் தர வேண்டும். கடையில் ஒரு சாதாரண பிளேயரை வைத்து, வட்டின் தொடக்கத்தையும் நடுவையும் கடைசியையும் வாடிக்கையாளர் முன்னிலையில் ஓட்டிக் காட்டிய பிறகே மீதிப் பணத்தை வாங்க வேண்டும். வாடிக்கையாளர்களும் இதைத் தயங்காமல் கேட்டு வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
வீடியோ எடிட்டர் ஒருவர்,
வடபழனி, சென்னை.