சில்லறைச் சாமானா, ஐயா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் 'உலகை மாற்றிய கண்டுபிடிப்புகள்' தொகுப்பைப் படித்தேன். கல்லாயுதத்துக்கு இரண்டு பக்கம், நெருப்புக்கு ஒன்றரை, சக்கரத்துக்கு நடுப்பக்கம் முழுதும். கடைசியில் இடம் மிஞ்சிவிட்டது போலிருக்கிறது. "கயிறு, கூடை, பாய் போன்ற சில்லறைச் சாமான்களும் இக்காலத்தில் தோன்றின" என்று ஒரு வரி. எக்காலம் என்றுகூடச் சொல்லவில்லை.

எதிர்ப்பக்கத்தில் ஆதிமனிதர் கோடரியோடு நிற்கிறார். அந்தக் கல் காம்பில் எப்படி நிற்கிறது என்று பார்த்தீர்களா? ஓவியர் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு சுற்றித்தான் வரைந்திருக்கிறார். அவருக்குத் தெரிந்தது கட்டுரையாளருக்குத் தெரியவில்லை.

பிரான்சில் அப்ரி து மாராஸ் என்ற இடத்தில் கிடைத்த கயிறு பற்றி 2020-இல் செய்தி வந்தது தாங்கள் அறியாததல்ல. மரப்பட்டையின் உள்நாரில் நியாண்டர்தால் என்ற பழைய மனித இனத்தார் திரித்தது. 40,000 ஆண்டுகளுக்கும் மேல் பழையது. நீளம் வெறும் 6 மில்லிமீட்டர். மூன்று புரி. ஒவ்வொன்றையும் ஒரு பக்கமாக முறுக்கி, மூன்றையும் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கியிருக்கிறார்கள். அது ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு கல்லாயுதத்தின் அடியில். கல்லை நன்றாகக் கழுவித் துடைத்திருந்தால் கயிறு போயிருக்கும், உங்கள் கட்டுரையாளரும் ஜெயித்திருப்பார்.

இந்த எதிர்முறுக்கில்தான் விஷயமே இருக்கிறது. எங்கள் ஈத்தாமொழிப் பக்கம் வந்து பார்த்தால் தெரியும். கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு, கட்டையால் அடித்து நாரெடுத்து, அதை இடுப்பில் கட்டிக்கொண்டு அம்மா பின்பக்கமாகவே நடப்பாள். ராட்டு சுற்றுவது என் வேலை. அவள் விரலிடுக்கில் நார் கொஞ்சம் கொஞ்சமாகப் போய் இழையாகும். அந்த இழையைத் தனியே விட்டால் சுருண்டு பிரிந்துவிடும். இரண்டு இழைக்கும் நடுவே காடி வெட்டிய மரக்கட்டையைக் கொடுத்து மாற்றிச் சுற்றும்போது ஒன்றின் முறுக்கு மற்றதைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு இழுத்தாலும் இறுகுமே தவிரப் பிரியாது. பசை இல்லை, ஆணி இல்லை. இதை யோசித்த மூளை சில்லறை மூளையா?

ஹோர்முஸில் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்த கப்பல்களைப் பார்த்து மார்க்கோ போலோவும் முகம் சுளித்தார். ஆனாலும் அந்த நார் உப்புத் தண்ணீரில் கெடாது என்பதை எழுதாமல் விடவில்லை. அவ்வளவு நியாயமாவது இருந்தது. சென்னைக்குத் துறைமுகம் வரும்வரை கப்பலில் வந்த துரைமார் கரையிறங்கியது எதில்? பலகையைக் கயிற்றால் தைத்த மசூலா படகில். கரையலையில் ஆணியடித்த படகு நொறுங்கும், இது வளைந்து கொடுக்கும். கட்டுமரம் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மூக்கணாங்கயிறு இல்லாமல் எந்தக் காளை ஏருக்கு வந்தது? சக்கரத்துக்கு நடுப்பக்கம் கொடுத்தீர்களே, அந்த வண்டியில் மாட்டை எதைக்கொண்டு பூட்டினார்களாம்?

கல், வெண்கலம், இரும்பு என்று காலத்தைப் பிரித்து டென்மார்க் அருங்காட்சியகப் பொறுப்பாளர் தாம்சன் 1836-இல் வழிகாட்டி வெளியிட்டார். அருங்காட்சியகத்தில் எது மிஞ்சி இருந்ததோ அதை வைத்து அடுக்கினார். நார் மக்கிப்போகும், அது அவர் குற்றமில்லை. இன்றும் நாம் அதையே ஒப்பிப்பது யார் குற்றம்?

இது முதல்முறை என்றால் பேசாமல் இருந்திருப்பேன். மகளிர் தினச் சிறப்பிதழில் ஒருவர், அந்தக் காலத்துப் பெண்கள் வீட்டுக்குள் சும்மா இருந்தார்கள் என்று எழுதினார். நூல் நூற்றதும் நார் திரித்ததும் யாராம்? அப்போதே கடிதம் எழுதினேன். வெளிவரவில்லை. அந்த வாரம் ஒரு நடிகரின் நாய்க்குட்டிக்குப் பிறந்தநாள், இடம் கிடைத்திருக்காது, புரிகிறது. ஒரு அருங்காட்சியகத்திலும் இதே கதைதான். கற்கோடரிக்குக் கண்ணாடிப் பெட்டியும் விளக்கும். பழைய கயிற்று உறி ஒன்று மூலையில் பெயர்கூட இல்லாமல் தொங்கியது. கேட்டால், "அதெல்லாம் சும்மா அழகுக்கும்மா" என்றார் காவலர். அவரை நான் குறை சொல்லவில்லை. படித்தவர்களே சில்லறைச் சாமான் என்று எழுதும்போது அவர் என்ன செய்வார்?

சரி, நடுப்பக்கம் கேட்டு நான் எழுதவில்லை. கீழடிக் கட்டுரையில் நடுவில் துளையுள்ள சுடுமண் வில்லையின் படத்துக்குக் கீழே 'பழங்காலப் பொத்தான்' என்று போட்டிருந்தீர்கள். அது தக்களி, நூல் நூற்பது. அடுத்த இதழில் ஒரு வரி திருத்தம் போட்டால் போதும். கட்டுரையாளரை மன்னிப்புக் கேட்கச் சொல்ல வேண்டாம், அவர் அடுத்த தொகுப்பில் வேலையாக இருப்பார்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருத்தி,
ஈத்தாமொழி, கன்னியாகுமரி மாவட்டம்.

பி.கு.: இந்தக் கடிதத்தைச் சுருக்கித்தான் போட வேண்டுமென்றால் அம்மா வருகிற பகுதியைத் தொடாமல் மற்றதைச் சுருக்குங்கள்.