மூன்று இயங்குதளங்களிலும் செயலியை நிலைநிறுத்தியவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

வணக்கம். ஸ்கேன் செய்த தமிழ்ப் பக்கங்களைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றித் தரும் எங்கள் செயலி, இப்போது விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் வேறெதையும் தனியே நிறுவாமல் இயங்குகிறது. இதற்காக உழைத்தவர்களில் பலர் நிரல் எழுதுபவர்கள் அல்லர். தங்கள் கணினியில் செயலி ஏன் திறக்கவில்லை என்பதைப் பொறுமையாகக் கவனித்து எழுதி அனுப்பியவர்கள். அவர்களுக்கு வெளிப்படையாக நன்றி சொல்லவே இம்மடலை எழுதுகிறேன்.

செயலியின் முகப்பு பைத்தானில் எழுதப்பட்டது. எழுத்துகளை அடையாளம் காணும் வேலையைச் செய்வது டெசராக்ட். 1985இல் எச்பி நிறுவனத்தில் தொடங்கி 2005இல் திறமூலமாக வெளியிடப்பட்ட அந்த இயந்திரம் சி++ மொழியில் அமைந்தது. படங்களைக் கையாள அது லெப்டோனிகாவையும், லெப்டோனிகா பிஎன்ஜி, ஜேபெக், டிஃப் படவகைகளுக்கான நிரலகங்களையும் (பிற செயலிகள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்கள்) நம்பியிருக்கின்றன. இவை ஒவ்வொன்றையும் ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் ஒவ்வொரு வகைச் சில்லுக்கும் தனித்தனியே தொகுக்க, அதாவது கணினி நேரடியாக இயக்கும் வடிவுக்கு மாற்ற வேண்டும். உருவாக்குபவரின் கணினியில் இவையெல்லாம் ஏற்கெனவே இருப்பதால், பயனருக்குத் தரும் பொதியில் ஒன்று விடுபட்டாலும் அங்கே தெரியாது. எனவே, எதுவும் நிறுவப்படாத கணினியில் சோதிப்பவரின் சொல்லைத்தான் நாங்கள் இறுதியாக நம்ப வேண்டியிருந்தது.

முதல் நன்றி, விண்டோஸில் தம் பயனர் பெயரைத் தமிழிலேயே வைத்திருக்கும் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு. செயலி திறக்கிறது, ஆனால் மொழித்தரவுக் கோப்பைக் காணவில்லை என்கிறது என்று எழுதிய அவர், ஆங்கிலப் பெயரில் இன்னொரு பயனர் கணக்கைத் தொடங்கி, அதில் எல்லாம் சரியாக இயங்குவதையும் தாமாகவே சோதித்துச் சொன்னார். காரணம் உடனே புலப்பட்டது. சி++ நிரலகங்கள் பழைய முறையில் கோப்பைத் திறக்கும்போது, பாதையின் பெயரை விண்டோஸ் அந்தக் கணினியின் இயல்பான குறியீட்டுப் பக்கத்தின்படி, அதாவது எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்ற பட்டியலின்படி, படிக்கிறது. அத்தகைய பழைய குறியீட்டுப் பக்கங்கள் எவற்றிலும் தமிழுக்கு இடமில்லை, தமிழ் அங்கே யூனிகோடு வழியாக மட்டுமே வருகிறது. விண்டோஸ் 10இன் 1903 பதிப்பு முதல், யூனிகோடின் ஒரு வடிவமான யூடிஎஃப்-8ஐயே தன் குறியீட்டுப் பக்கமாகக் கொள்வதாக ஒரு செயலி, தன்னைப் பற்றிய விவரங்களைத் தரும் மேனிஃபெஸ்ட் கோப்பில் அறிவிக்கலாம் என்பதை நண்பர் ஒருவர் சுட்டிக்காட்டினார். அதற்கு முந்தைய கணினிகளுக்காக மொழித்தரவைப் பயனர் கோப்புறைக்கு வெளியே வைத்திருக்கிறோம். தமிழுக்கான செயலி, தமிழில் பெயர் வைத்தவரின் கணினியில் இயங்காமல் போயிருந்தால் அதைவிட வருத்தம் தருவது எனக்கு வேறில்லை.

லினக்ஸ் பொதிக்காக, உபுண்டு 18.04 இயங்கும் கல்லூரி ஆய்வகமொன்றின் பொறுப்பாளருக்குப் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம். 'இயங்கவில்லை' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், முனையத்தில் வந்த பிழைச்செய்தியை ஒரு வரி விடாமல் அனுப்பினார், லினக்ஸ் செயலிகள் நம்பியிருக்கும் அடிப்படை நிரலகமான ஜிலிப்சியின் 2.34 பதிப்பு இல்லை என்பது அதில் தெளிவாக இருந்தது. அங்கே இருந்ததோ 2.27. பழைய ஜிலிப்சியில் தொகுத்தது புதியதில் ஓடும். புதியதில் தொகுத்தது பழையதில் ஓடும் என்பதற்கு உறுதியில்லை. அதனால், பைத்தான் சமூகத்தினர் பராமரிக்கும் மெனிலினக்ஸ்2014 சூழலுக்குள், அதாவது ஜிலிப்சி 2.17 கொண்ட சென்டோஎஸ் 7 என்ற பழைய லினக்ஸ் பதிப்பில், பைத்தானையும் பகிர்நிரலகமாகத் தொகுத்து, நிறுவாமலே இயங்கும் ஒற்றைக் கோப்பான ஆப்இமேஜை அங்கிருந்தே உருவாக்கினோம். நிரலகங்களைச் செயலி தன் கோப்புறைக்குள்ளேயே தேடுமாறு பாதைகளைத் திருத்த பேட்ச்எல்ஃப் கருவி துணைநின்றது.

மேக் கணினிகளில், இன்டெல் சில்லிலும் ஆப்பிள் சில்லிலும் மாறிமாறிச் சோதித்த இருவருக்கும் நன்றி. நிரலகங்களின் பாதையைத் திருத்தியதும் அவற்றின் மின்கையொப்பம் (கோப்பு மாற்றப்படவில்லை என்பதற்கான சான்று) செல்லாததாகிவிடும். உள்ளிருக்கும் நிரலகங்களுக்கு முதலில், செயலிக்கு இறுதியில் என்று மீண்டும் கையொப்பமிட வேண்டும். அந்த வரிசையைப் பொதியாக்கக் குறிப்பில் எழுதிவைத்தவர்களும் இவர்களே.

பைத்தான் செயலிகளைப் பொதியாக்கும் பைஇன்ஸ்டாலர், மேலே சொன்ன டெசராக்ட், லெப்டோனிகா ஆகியவற்றை ஆண்டுக்கணக்காகப் பராமரித்துவரும் தன்னார்வலர்கள் இம்மடலைப் படிக்க வாய்ப்பில்லை என்றாலும், அவர்களுக்கும் எங்கள் வணக்கம்.

சென்டோஎஸ் 7க்கான ஆதரவு 2024 ஜூனோடு முடிந்துவிட்டதால், ஜிலிப்சி 2.28 கொண்ட அடுத்த சூழலுக்கு மாற வேண்டியிருக்கிறது. அந்தப் பொதி உபுண்டு 18.04இல் இயங்காது. ஆகவே, இப்போதைய லினக்ஸ் பொதியை நீக்காமல், அந்த ஆய்வகம் தன் கணினிகளைப் புதுப்பிக்கும் வரை பிழைத்திருத்தங்களை அதிலும் சேர்த்து வெளியிடுவோம்.

மிக்க நன்றியுடன்,
செயலியின் பொதியாக்கப் பொறுப்பாளர்