ஒரு வாசருக்கு முழு செட்டையும் வாங்கணுமாம்

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

நான் அம்பாசமுத்திரம் பக்கம், கொடை திருவிழான்னா அங்கன போயி பலூன் சுடுற கடை போடுறவன். நெல்லையப்பர் கோயில் ஆனித் திருவிழா, சங்கரன்கோவில் ஆடித்தபசு, அது போக ஊரூரா அம்மன் கொடை, வருசத்துல பாதி மாசம் இதான் பொழப்பு. கையில நாலு ஏர்கன் இருக்கு, பழைய ஜெர்மன் டயானா கம்பெனி மாடலப் பாத்து நம்ம நாட்டுலயே செஞ்ச ரகம், 0.177 இஞ்ச் குண்டு. லைசென்ஸ் வேண்டாதது (2016 ஆயுத ரூல்படி குழல் துவாரம் 0.177 இஞ்சுக்கு மேல போவாம, குண்டு பாயுற சக்தி 20 ஜூலுக்குள்ள இருந்தா லைசென்ஸ் வேண்டாம், புதுசா ஒரு போலீஸ்காரர் வந்து கேக்கும்போதெல்லாம் இத முதல்லருந்து சொல்லணும், அது தனிக் கத).

இந்த ஆனித் திருவிழாவுல அஞ்சாம் நாள் சாயங்காலம், நல்ல கூட்டம், ரெண்டு துப்பாக்கி படுத்துட்டு. ஒண்ணுல குண்டு போயி பலூனத் தொட்டுட்டு கீழ விழுது, பலூன் அப்படியே ஆடிக்கிட்டு நிக்கி. ஒரு சின்னப்பய "மாமா, ஒங்க துப்பாக்கிக்கு சளி பிடிச்சிருக்கு, என் ரூவாயத் தாங்க"ன்னான். நியாயம்தான, குடுத்தேன்.

ராத்திரி கடைய மூடிட்டு கழத்திப் பாத்தேன். உள்ள ஒண்ணும் பெரிய வித்தை கிடையாது, குழல மடக்குனா பிஸ்டன் பின்னால போயி ஸ்பிரிங்க அமுக்கி மாட்டிக்கிடும், விசைய இழுத்தா ஸ்பிரிங் பிஸ்டன முன்னால அறையும், அந்தக் காத்து குண்டத் தள்ளும். பிஸ்டன் தலையில ஒரு தோல் வாசர், அந்தக் காலத்து பம்ப் ஸ்டவ்வுல இருக்குமே அதுக்கு அண்ணன்னு வச்சுக்கிடுங்க. அது காஞ்சு சுருங்கிட்டுன்னா ஓரம் வழியா காத்து போயிரும். என் துப்பாக்கிக்கு வந்த நோவு அதான், ரெண்டுலயும் ஸ்பிரிங்கும் தொவண்டு போச்சு.

மறுநா காலையில டவுனுக்குள்ள ஒரு கடையில போயி கேட்டா, "வாசர் தனியா வராது அண்ணாச்சி, பிஸ்டன் செட்டாத்தான் வரும்"ங்காரு. ஒரு செட்டு 1,150 ரூவா, ஸ்பிரிங் 600, ரெண்டு துப்பாக்கிக்கும் சேத்து 3,500. நான் துப்பாக்கி வாங்குனதே ஒண்ணு 3,200 ரூவாய்க்கு! அதுவும் உடனே கெடைக்காது, வடக்கருந்து பார்சல் வர பதினஞ்சு நாளாவுமாம், அதுக்குள்ள தேரு நிலைக்கு வந்து ஊரே கலைஞ்சிரும்லா. கடைக்காரர நான் குத்தம் சொல்லல, அவரு வாசர வாங்கி வச்சா வருசத்துக்கு ரெண்டு விக்கும், முதல் முடங்கும், அவருக்கு மேல இருக்கவன் செட்டாத்தான் அனுப்புதான்.

அப்புறம் என்ன, பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்பு தைக்கிற அண்ணாச்சிகிட்ட போனேன், பழைய வாசரக் காட்டுனேன், வட்டமா வெட்டி ஓரத்தச் சீவித் தந்தாரு, ஒண்ணு 30 ரூவா. ராத்திரி பூரா விளக்கெண்ணெயில ஊறப்போட்டு மாட்டுனேன். மொத ரெண்டு சுடுக்கு எண்ணெ பத்திக்கிட்டு டமார்னு ஒரு சத்தம், குழல் வாயில பொகை, பக்கத்து கடல மிட்டாய்க் கடைக்காரரு எந்திரிச்சே நின்னுட்டாரு. பிள்ளைகளுக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சுது. பெறவு எண்ணெ வத்துனதும் ஒழுங்கா சுட்டுது. 1,150 ரூவா வேலைய 30 ரூவா தோலு செய்யிதுன்னா மிச்ச 1,120 எதுக்குன்னு யாராவது சொல்லுங்களேன்.

ஆனா ஸ்பிரிங்குக்கு இப்படி ஒரு வழி கெடைக்கல. தெரிஞ்ச லேத் பட்டறைக்காரரு ஒருத்தரு, "பிஸ்டன் வேணும்னா இ.என்.8 ரக இரும்பு ராடுல கடைஞ்சு தாரேன்வே, ஸ்பிரிங்க மட்டும் எங்கிட்ட கேக்காதீரும், கம்பி வேற, பதம் வேற"ன்னுட்டாரு. உண்மைதான், சும்மா கம்பியச் சுத்திப் போட்டா நாலு நாளுல அமுங்கிப் போவும்.

இது துப்பாக்கிக்காரன் பொலம்பலுன்னு நெனச்சு தள்ளி வச்சிராதீங்க. எங்க வீட்டுல மாவு ஆட்டி விக்காவ, போன மாசம் கிரைண்டருல கரகரன்னு சத்தம், பேரிங் போச்சு. அதுல 6203-ன்னு நம்பர் அடிச்சிருந்துது. எந்தக் கடைக்குப் போனாலும் 6203-ன்னு சொன்னா போதும், உள்வட்டம் 17 மில்லி, வெளிவட்டம் 40, கனம் 12, உலகத்துல எவன் செஞ்சாலும் அதே அளவு, நாலு கம்பெனி பேரச் சொல்லி எது வேணும்னு நம்மகிட்டயே கேக்காவ. சல்லிசா முடிஞ்சுது. பெல்ட்டும் அப்படித்தான், மோட்டார் கெப்பாசிட்டரும் அப்படித்தான். அதே கிரைண்டருல ட்ரம்மு அடியில இருக்க பிளாஸ்டிக் புஷ்ஷு தேஞ்சப்போ நம்பரும் கிடையாது ஒரு மண்ணும் கிடையாது, கம்பெனி சர்வீஸ்ல ட்ரம்மோட சேத்து மாத்தணும்னுட்டாவ. இரும்பு வெல கூடுனதுனாலயா இது? எவனும் அந்த அளவுல செய்யலங்குற தைரியத்துலதான வெலய ஏத்துதான்.

மச்சான் ஒருத்தன் வீரவநல்லூர்ல வயல் வச்சிருக்கான், அவன் பவர் ஸ்பிரேயருல கயிறு இழுக்குற ஸ்டார்ட்டருக்குள்ள சுண்டுவிரல் நகம் அளவு ஒரு பிளாஸ்டிக் பல்லு ஒடைஞ்சு போச்சு, அதுக்கு முழு ஸ்டார்ட்டர். நெல்லு கதிரு வாங்குற நேரம், மருந்து அடிக்கலன்னா போச்சு, வாயப் பொத்திக்கிட்டு வாங்குனான்.

சட்டம் இல்லாமலும் இல்ல. 2014 ஆகஸ்டுல இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூவா அபராதம் போட்டாவ, ஸ்பேர் பார்ட்ஸ வெளிக்கடைக்குக் கெடைக்காம வச்சிக்கிட்டாவன்னுதான். கேஸு அப்பீல் அது இதுன்னு போச்சு. 2022 ஜூலையில மத்திய நுகர்வோர் துறையில பழுதுபாக்குற உரிமைக்குன்னு கமிட்டி போட்டாவ, விவசாயக் கருவி, மொபைல், வீட்டுச் சாமான், வண்டின்னு நாலு பிரிவு. மச்சான் ஸ்பிரேயரு அதுல வரும், கிரைண்டரும் வரும், என் துப்பாக்கி எந்தக் கணக்குலயும் வராது போல. வண்டி சாமானுக்கு 28 சதவீதம் இருந்த ஜிஎஸ்டிய 2025 செப்டம்பர் 22-லருந்து 18 ஆக்குனாவ, நல்லதுதான், ஆனா வாசரே விக்காதவன்கிட்ட வரியக் கொறச்சு என்ன செய்ய.

நான் கேக்கது இவ்வளவுதான். எந்த மெஷினா இருந்தாலும் தேயிற சாமானத் தனியா விக்கணும், அதுல நம்பரும் வெலயும் அடிச்சிருக்கணும், மெஷின விக்கும்போதே அந்தப் பட்டியலக் கையில தரணும். நம்பர் இருந்தா கோயம்புத்தூர்லயோ ராஜ்கோட்லயோ எவனாவது செஞ்சு அனுப்புவான், 6203-க்கு நடந்தது வாசருக்கும் நடக்கும். டூப்ளிகேட் வந்துரும்னு சொல்லுவாவ, வரத்தான் செய்யும், ஒரிஜினல 1,150-க்கு வித்தா வராம என்ன செய்யும்.

ஆடித்தபசுக்கு இன்னும் கொஞ்ச நாளுதான் இருக்கு, ரெண்டு துப்பாக்கி தொவண்ட ஸ்பிரிங்கோடதான் வரும் போல, பலூன ரெண்டடி முன்னால தள்ளிக் கட்டிக்கிட வேண்டியதுதான். பதம் பாத்து ஸ்பிரிங் சுத்துற பட்டறை நம்ம திருநவேலி, தென்காசி, தூத்துக்குடி பக்கம் எங்கயாவது இருந்தா வாசகருங்க யாராவது உங்க பேப்பர்லயே எழுதச் சொல்லுங்க அய்யா, கம்பி கனம் 3 மில்லி, பழைய ஸ்பிரிங்க நானே கொண்டாந்து காட்டுதேன்.

இப்படிக்கு,
பலூன் கடைக்காரன்,
அம்பாசமுத்திரம்