குப்பைக் குறைப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, சாக்கடை, கொசு மருந்து பற்றிய விவரங்கள் சுற்றறிக்கையில் வந்துவிட்டன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சென்ற பொதுக்குழுவில் நாம் முடிவெடுத்த வீட்டுக் குப்பைக் குறைப்பு பற்றி மட்டும் நான் பேசுகிறேன்.

2016 திடக்கழிவு விதிகள் குப்பையை மக்குவது, மக்காதது, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. முதல் இரண்டும் நம் தெருக்களில் பழகிவிட்டன. பிளேடு, காலாவதியான மாத்திரை போன்ற அபாயக் கழிவும், நாப்கின், டயப்பரும் மட்டும் இன்னும் காய்கறித் தோலோடு கலந்தே வருகின்றன. அதில் கைவிட்டுப் பிரிப்பவர் தூய்மைப் பணியாளர். தயவுசெய்து பேப்பரில் சுற்றித் தனியாகக் கொடுங்கள்.

ஆனால் பிரிப்பது வேறு, குறைப்பது வேறு. எவ்வளவு ஒழுங்காகப் பிரித்தாலும் வண்டியில் ஏறும் மூட்டை சிறிதாகவில்லை. மகளிர் குழுவினர் சில வீடுகளின் மக்காத குப்பையைக் கொட்டிப் பார்த்தார்கள். பால் பாக்கெட்டும் பாட்டிலும் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுகின்றன. மிஞ்சியவற்றில் அதிகம் பார்சல் கவர்கள்தான். சாம்பாரும் குருமாவும் ஒட்டிய அந்தச் சின்னக் கவர்களை எந்தக் கடையிலும் எடுப்பதில்லை. தட்டுவடைகளுக்கு நடுவே சட்னியும் காய்த்துருவலும் வைத்துத் தரும் நம் சேலத்துத் தட்டுவடை செட்டைக்கூட இப்போது சட்னி தனி, காரட் பீட்ரூட் தனி என்று கட்டித்தான் வீட்டுக்கு எடுத்து வருகிறோம்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. அப்புறமும் ஏன் தருகிறீர்கள் என்று கடைக்காரர்களிடம் கேட்டோம். "எல்லாரும் வெறுங்கையோட வர்றாங்களே, நாங்க என்ன பண்றது?" என்றார்கள். அதில் நியாயம் இருக்கிறது. போசி, அதாவது பாத்திரம், கொண்டு போனவர்களுக்கும் சிக்கல் வந்தது. பார்சல் அளவு கவர்க் கணக்கில்தான் தெரியும் என்று ஒரு கடையில் மறுத்துவிட்டார்கள். இத்தனை கரண்டி என்று கேட்டு வாங்கலாம் எனப் பேசிய பிறகு ஒப்புக்கொண்டார்கள். வேலை முடிந்து இரவில் திரும்புகிறவர்கள் போசியோடு அலைய முடியாது என்பதும் உண்மை. வண்டி டிக்கியில் ஒரு மஞ்சப்பையும் மூடி இறுகிய எவர்சில்வர் டப்பாவும் எப்போதும் கிடந்தால் போதும். இதைச் செய்தவர்கள் இன்றுவரை விடவில்லை.

மொட்டை மாடியில் உரத்தொட்டி வைத்த வீடுகளில் மழைக்காலம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஈரம் மிஞ்சினால் காற்று போகாமல் நாற்றமும் புழுவும் வரும். ஒவ்வொரு முறையும் காய்ந்த இலையோ தேங்காய் நார்த்தூளோ மேலே தூவி, வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் அடங்கிவிடும். மாம்பழ சீசனில் கொட்டைகளை மட்டும் தொட்டியில் போடாதீர்கள், அவை மக்க வெகுநாள் ஆகும். நிறுத்திவிட்டவர்கள் மறுபடி தொடங்க வேண்டும். குப்பைமேட்டில் காற்றில்லாமல் அழுகும் ஈரக் குப்பையிலிருந்து மீத்தேன் வருகிறது, கோடையில் அது எளிதாகத் தீப்பிடிக்கிறது. அந்தப் புகையைச் சுவாசிப்பவர்களும் சேலத்துக்காரர்கள்தான்.

ஏற்காடு சுற்றுலாவுக்குத் தட்டு, டம்ளர், தண்ணீர்க் கேன் எல்லாம் கீழிருந்தே கொண்டுபோனோம். மலையில் எதையும் போட்டுவிட்டு வரவில்லை. ஆடியில் கூழ் ஊற்றியபோது அது முடியவில்லை. உள்ளே பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்தான் வாங்கினோம், அதுவும் தடைப் பட்டியலில் உள்ளதுதான்.

எனவே சங்கத்துக்கென எவர்சில்வர் டம்ளரும் தட்டும் வாங்கி, உறுப்பினர் வீட்டு விசேஷங்களுக்கும் கொடுக்கலாம் என்று செயற்குழு கருதுகிறது. வாங்கப் பணம் இருக்கிறது. யார் கழுவுவது என்பதில்தான் இழுபறி. வீட்டுப் பெண்கள் தலையில் அந்த வேலை விழக்கூடாது, கழுவுபவருக்குக் கூலி தர வேண்டும் என்பது என் கருத்து. தீர்மானத்தைத் துணைத் தலைவர் இப்போது முன்மொழிவார்.

செயலாளர்